சாய்வு சைக்கிளுக்கு மோட்டார்: பாம்பன் பாலத்துக்கா, கச்சான் காற்றுக்கா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மண்டபத்தில் வீடு, ராமேஸ்வரத்தில் வேலை. கையில் இருப்பது சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் ரிகம்பென்ட் சைக்கிள், முன் சக்கரம் 20 இன்ச், பின் சக்கரம் 26. பாம்பன் பாலம் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, வலது முழங்கால் வேறு வலிக்க ஆரம்பித்திருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, ஏற்றத்துக்கு மிட் டிரைவ் (பெடல் அச்சில் உட்காரும்) மோட்டார்தான் சரி, அதுவும் 1000 வாட்ஸாக இருந்தால் நிம்மதி என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டீர்கள். எந்த மாடல் என்பதுதான் பாக்கி. ஆனால் கேள்விக்கு நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "காலையில் பரவாயில்லை, சாயங்காலம் திரும்பும்போதுதான் உயிர் போகிறது." பாலம் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி ஏறுவதில்லை. அப்படியென்றால் சாயங்காலம் உங்களைப் பிடித்து இழுப்பது வேறு ஏதோ. இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை: மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று.

என்னைப் பற்றி ஒரு வரி. ராமநாதபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் தொழில். தண்ணீர் மோட்டார், இறால் பண்ணை ஏரேட்டர் மோட்டார் என்று ஆரம்பித்து, இப்போது சைக்கிளுக்கு மோட்டார் கிட் மாட்டுவதும், செத்துப்போன கிட்டைப் பிரித்துப் பார்ப்பதும் சேர்ந்துகொண்டது. அதனால் மோட்டார், வயர், பேட்டரி பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். ரிகம்பென்ட் நம் பக்கம் அபூர்வம். அதன் பிரேம் விஷயத்தில் நான் சொல்வதை உங்கள் சைக்கிளை அளந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. நீங்கள், சைக்கிள், மோட்டார், பேட்டரி, பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் சமதரையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போக, சாய்வு சைக்கிளுக்கு 70 வாட் போதும். சுமாரான உடல்நிலை உள்ளவர் ஒரு மணி நேரம் அலட்டாமல் கொடுக்கக்கூடிய சக்திதான் அது. அதே வேகத்தில் 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் தேவை 245 வாட்டுக்கு ஏறிவிடும். பாலத்துக்கு வருவோம். கனரக லாரிகள் ஏறும் சாலைப் பாலம், அதனால் சரிவு மென்மையாகத்தான் இருக்கும். இருந்தாலும் தாராளமாக 4 சதவீதம் என்றே போடுவோம். 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 200 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். பாலத்தின் மொத்த நீளமே சுமார் 2.3 கிலோமீட்டர், அதில் பாதிதான் ஏற்றம். ஐந்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விடுவீர்கள், அப்புறம் இறக்கம். எதிர்க்காற்றுக்கு இறக்கம் கிடையாது. தங்கச்சிமடத்தில் ஆரம்பித்தால் மண்டபம் வரைக்கும் விடாது. 30 கிலோமீட்டர் காற்று உங்களைத் தடுக்கும் விசையை ஏற்றமாக மாற்றினால் ஏறக்குறைய 3 சதவீதம் வரும். அதாவது ஆனி ஆடியில் கச்சான் வீசும் மாலைகளில், வீடு வரைக்கும் நிற்காத ஒரு பாலத்தை ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். ராமேஸ்வரத்திலிருந்து மண்டபம் மேற்குப் பக்கம், கச்சான் வருவதும் அங்கிருந்துதான். காலையில் அதே காற்று முதுகைத் தள்ளிவிடுகிறது, அதனால்தான் "பரவாயில்லை". ஐப்பசிக்கு அப்புறம் வாடை வந்ததும் கதை தலைகீழாகும், காலையில்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மோட்டாரை எந்த வேலைக்கு வாங்குகிறோம் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. நமக்கு வேண்டியது முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஒரே சீராக நூற்றைம்பது வாட் கொடுக்கும் மோட்டார். குறுகிய நேரத்தில் பலமாக முறுக்கித் தள்ளும் மோட்டார் நமக்கு வேண்டாம்.

உங்கள் சைக்கிள் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதே எதிர்க்காற்றில் நிமிர்ந்து உட்காரும் சாதா சைக்கிளுக்கு 380 வாட் வேண்டும். நீங்கள் சாய்ந்து படுத்திருப்பதால் காற்றுக்கு முகம் கொடுக்கும் பரப்பு குறைகிறது, 135 வாட் இனாமாகக் கிடைக்கிறது. 1933இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த மாதிரி வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்தார். அடுத்த வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வடிவத்தைப் பந்தயத்திலிருந்து ஒதுக்கிவிட்டது. இவ்வளவு லாபம் தரும் வண்டி கடைகளில் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு அது ஒரு காரணம். சரி, லாபம் அப்படியென்றால் நஷ்டம் ஏற்றத்தில். சாதா சைக்கிளில் எழுந்து நின்று உடம்பு எடையைப் பெடலில் போடலாம், இதில் முடியாது. முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்துக் காலால் உதைக்க வேண்டும். கனமான கியரில் அப்படி உதைத்தால் முதலில் அழுவது முழங்கால்தான். மோட்டார் வருவதற்கு முன்பே, இன்றைக்கே, ஒன்றிரண்டு கியர் இறக்கிக் காலை வேகமாகச் சுற்றிப் பாருங்கள். வலி அதிலும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். அது என் தொழில் இல்லை.

மிட் டிரைவைப் பற்றி நீங்கள் படித்ததில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அது எழுதப்பட்ட ஊர் வேறு. பெடல் அச்சில் உட்காரும் மோட்டார் சைக்கிளின் கியரைத் தானும் பயன்படுத்திக்கொள்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற மாதிரி, வளைவுக்கு வளைவு மணிக் கணக்கில் ஏற்றம் என்றால் அதற்கு மிஞ்சியது இல்லை. சக்கரம் எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் மோட்டார் தனக்குப் பிடித்த வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், சூடாகாது. சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. சக்கரம் மெதுவானால் அதுவும் மெதுவாகும், இழுக்கும் கரண்டில் பெரும் பங்கு காயிலில் சூடாகப் போகும். நீங்கள் கொடைக்கானலில் இருந்து எழுதியிருந்தால் இந்தப் பதில் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை எதிர்த்துப் போகும்போது ஹப் மோட்டார் தனக்குப் பிடித்த வேகத்திலேயேதான் சுற்றுகிறது. அங்கே மிட் டிரைவுக்கு இருந்த மேன்மை போய், தொல்லைகள் மட்டும் மிஞ்சும். ரிகம்பென்டில் பெடல் அச்சு முன்னால் நீட்டிய குழாயின் நுனியில் இருக்கிறது. மோட்டாரின் எடையும் முறுக்கும் அந்த நுனியில் போய்ச் சேரும், குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் நழுவினால் பெடலே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். உங்கள் செயின் சாதா சைக்கிள் செயினைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் நீளம், நடுவில் ஐட்லர் என்ற வழிகாட்டிச் சக்கரத்தில் வளைந்து போகிறது. உங்கள் கால் விசையோடு மோட்டார் விசையும் அதே செயினில் ஏறினால் ஐட்லர் தேயும். நம் ஊரில் அதற்கு மாற்று கிடைப்பது கஷ்டம்.

அதனால் என் தேர்வு: கியர் வைத்த சிறிய ஹப் மோட்டார், 36 வோல்ட், 250 வாட், பின் சக்கரத்தில். கியர் வைத்தது ஏன் என்றால், கச்சான் முதுகில் தள்ளும் காலையில் மோட்டாரை அணைத்துவிட்டு ஓட்டுவீர்கள். உள்ளே இருக்கும் கிளட்ச் அப்போது மோட்டாரைக் கழற்றிவிடும், இழுவை இருக்காது. கியர் இல்லாத பெரிய ஹப் மோட்டாரில் காந்தம் எப்போதும் கூடவே சுற்றும், கூடுதலாக இரண்டு மூன்று கிலோ எடையும். பின் சக்கரம் ஏன் என்பதில் கொஞ்சம் வாதம் உண்டு. 20 இன்ச் முன் சக்கரத்தில் மாட்டினால் அதே மோட்டாருக்குத் தள்ளு விசை மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஏற்றக்காரர்கள் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் உங்கள் ரோட்டை நினைத்துப் பாருங்கள். காற்று அள்ளிப்போட்ட மணல் ஓரத்தில் படிந்திருக்கும். மீன் லாரி ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டே போயிருக்கும், அந்தக் கோடு காயும் வரை வழுக்கும். இழுக்கிற முன் சக்கரம் அதில் வழுக்கினால் ரிகம்பென்டில் காலை ஊன்றிச் சமாளிக்க நேரம் கிடைக்காது. தேவையோ மொத்தமே 45 நியூட்டன் தள்ளு விசை. 26 இன்ச் சக்கரத்திலும் சின்ன மோட்டார் அதைப்போல இரண்டு மடங்கு சாதாரணமாகக் கொடுக்கும்.

வாங்கும்போது கடைக்காரர் வாட்ஸைத்தான் பேசுவார். நீங்கள் சுற்றைக் கேளுங்கள். சுமை இல்லாமல் 36 வோல்ட்டில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று? 26 இன்ச் சக்கரம் 20 கிலோமீட்டர் வேகத்தில் 160 சுற்று சுற்றும். மோட்டார் தன் வெறும் சுற்றில் முக்கால் பங்கில் ஓடும்போதுதான் கரண்டை வீணாக்காமல் வேலை செய்யும். ஆக, 210 முதல் 250 சுற்று வரை உள்ள மோட்டார் உங்களுக்குப் பொருந்தும். வேகத்துக்காகச் சுற்றிய 320, 330 சுற்று மோட்டார் அதே விலைக்குக் கிடைக்கும், கேட்க ஆசையாகவும் இருக்கும். அதை எதிர்க்காற்றில் 20இல் ஓட்டினால் பாதிச் சுற்றில்தான் நிற்கும், பேட்டரி கரையும், காயில் சுடும். இன்னொன்று, விலை குறைந்த கிட்டுகளில் ஃப்ரீவீல், அதாவது பின் பல்சக்கரத் தொகுதி, திருகி மாட்டும் வகையாக இருக்கும். உங்கள் சைக்கிளில் இப்போது இருப்பது பெரும்பாலும் காடிகளில் செருகும் கேசட்டாகத்தான் இருக்கும், அது இதில் ஏறாது. கேசட் வகை ஹப் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அச்சு பின்னால் திருகிக்கொள்ளப் பார்க்கும். அந்தத் திருகலைப் பிரேமுக்குக் கடத்துவது அந்தப் பட்டைதான். அலுமினியப் பிரேமில் அது இல்லாமல் ஓட்டவே கூடாது.

1000 வாட்ஸ் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் காற்றேதான். அதே 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 20க்குப் பதில் 35இல் போக நினைத்தால் 245 வாட் 680 ஆகிறது. இரண்டாவது, சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் அரை மணி நேர சக்தி 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள், தகுந்த பிரேக், முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்புமாக ஒளி திருப்பும் பட்டை: இப்படி இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. அதைத் தாண்டினால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வரும். இதுவரை நிச்சயம். சந்தேகமான இடம் ஒன்று இருக்கிறது. விதியில் சோதனை நிறுவனத்தின் சான்றும் கேட்கப்படுகிறது. அது வண்டி செய்யும் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதியது, வீட்டில் கிட் மாட்டுகிறவரை எப்படிப் பார்ப்பார்கள் என்பது தெளிவாக இல்லை. 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் நின்றால் வாதாட இடமாவது இருக்கும், 1000 வாட்ஸுக்கு அதுவும் இருக்காது.

இப்போது யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கும் விஷயம், உப்பு. என் மேஜைக்கு வரும் ஹப் மோட்டார்களில் காயில் கருகி வருவது குறைவு. மூடியைத் திறந்தால் கியர் புதுசு மாதிரி பளபளக்கும், காயில் வார்னிஷ் கலையாமல் இருக்கும். ஆனால் ஓரத்தில், காந்தம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஹால் சென்சார் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டில் பச்சை பூத்திருக்கும். அச்சில் வயர் நுழையும் துளையிலிருந்து அந்தத் தகடு வரை வெள்ளையாக ஒரு உப்புக்கோடு, தண்ணீர் வந்த வழி அப்படியே தெரியும். மழையிலோ கழுவும்போதோ வயர் மேலேயே வழிந்து வந்த தண்ணீர் நேராக அச்சுக்குள் போயிருக்கிறது. வயரை மேலிருந்து நேராக அச்சுக்குக் கொண்டுவரக் கூடாது. அச்சுக்குக் கீழே தொங்கவிட்டு, ஒரு வளையம் போட்டு, கீழிருந்து மேலே ஏற்றி நுழைக்க வேண்டும். தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும். நுழையும் இடத்தில் சிலிகான் அடைத்துவிடுங்கள். காசு செலவில்லாத இந்த ஒரு வேலையே மோட்டாரின் ஆயுளைக் கூட்டும். கனெக்டர்களில் ரப்பர் வளையம் வைத்துத் திருகும் அல்லது அழுத்திப் பூட்டும் தண்ணீர் புகாத வகையை வாங்குங்கள். மாட்டும் முன் பின்களில் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். கிட்டோடு வரும் வயர் சாதா சைக்கிளுக்கு அளவெடுத்தது. உங்கள் பெடல் முன்னால், மோட்டாருக்குக் கரண்டை அளந்துவிடும் கண்ட்ரோலர் சீட்டுக்குப் பின்னால் என்பதால் பெடல் சென்சார் வயர் எட்டவே எட்டாது. ஒட்டுப் போடாமல் அதே வகை நீட்டிப்பு வயர் கேட்டு வாங்குங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு இந்தக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. கண்ட்ரோலர் பெட்டியை வயர்கள் கீழ்நோக்கி வருகிற மாதிரி மாட்டுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். செயின் ஓடும் பிளாஸ்டிக் குழாயில் மணல் தங்கும், கெட்டி எண்ணெய் போட்டால் அது அரைக்கும் பசையாகிவிடும். மெழுகு வகை போட்டுத் துடைத்துவிடுவது மேல்.

பேட்டரியில் அதிகம் யோசிக்க வேண்டாம். எதிர்க்காற்று நாளில் நீங்கள் 90 வாட் மிதித்தால் மீதி 155ஐ மோட்டார் கொடுக்க வேண்டும், பேட்டரியிலிருந்து சுமார் 200 வாட் போகும். ராமேஸ்வரத்திலிருந்து மண்டபம் 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு மணி நேரம், 200 வாட் மணி. 36 வோல்ட் 10 ஆம்பியர் மணி பேட்டரியில் 360 வாட் மணி இருக்கிறது. பழசானால் குறையும் என்பதால் 13 ஆம்பியர் மணி எடுத்தால் கவலை இல்லை, அதற்கு மேல் சுமைதான். நம் வெயிலுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை நீண்ட நாள் உழைக்கும், எடையும் இடமும் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். எதுவானாலும் வேலை இடத்தில் பேட்டரியைக் கழற்றி நிழலுக்குக் கொண்டுபோங்கள். வந்த சூட்டோடு சார்ஜில் போடாமல் ஆறவிட்டுப் போடுங்கள்.

மோட்டாரால் தீராத ஒன்று பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்று. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைப்பார்கள், அது எப்படிப்பட்ட இடம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தாழ்வாக உட்கார்ந்திருப்பது ஓரளவு உதவும், ஆனால் முன்னால் கண்ணாடி மூடி எதுவும் மாட்டி வைத்திருந்தால் கழற்றிவிடுங்கள், காற்று அதைப் பிடித்துத் திருப்பும். தாழ்வாக இருப்பதன் மறுபக்கம், பஸ்காரர் கண்ணில் படமாட்டீர்கள். படம் எடுக்க நிறுத்திய கார்களைத் தாண்டும்போது இது பெரிய ஆபத்து. பின்னால் உயரமாக ஒரு கொடி, பகலிலும் எரியும் சிவப்பு விளக்கு. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் பஸ்ஸில் போங்கள்.

பெடல் சென்சாரில் மிதிப்பதை மட்டும் பார்க்கும் வகை, மிதிக்கும் பலத்தையும் அளக்கும் வகை என்று இரண்டு உண்டு. இரண்டாவது ஓட்டச் சுகம். ஆனால் முன்னால் நீட்டிய பெடல் அச்சில் அது எல்லாப் பிரேமிலும் சரியாக உட்காருமா என்பதில் எனக்குச் சந்தேகம், அதனால் உங்களுக்கு முதல் வகையே போதும் என்பேன். கூடவே, மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் கட்டைவிரல் த்ராட்டில் ஒன்று வையுங்கள். பாலத்தின் நடுவில் நின்றுவிட்டுத் திரும்பக் கிளம்பும்போது, அந்த முதல் மூன்று மீட்டருக்குச் சாய்வு சைக்கிளில் அதைவிட உதவி வேறில்லை. பணம் கட்டுவதற்கு முன் மூன்று அளவு எடுங்கள்: பின் ஃபோர்க்கின் உள் அகலம் 135 மில்லிமீட்டர் இருக்கிறதா, அச்சு உட்காரும் வெட்டின் அகலம் 10 மில்லிமீட்டரா, டிஸ்க் பிரேக் காலிப்பருக்கும் சக்கரத்தின் நடுவுக்கும் இடையில் மோட்டார் மூடி உரசாமல் இடம் இருக்கிறதா. பிரேம் இரும்பா அலுமினியமா என்பதையும் சேர்த்து இங்கேயே எழுதுங்கள், டார்க் ஆர்மை எந்தப் பக்கம் பிடிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.